தனியாகக் கார் எடுத்துக்கொண்டு சொந்தபந்தங்களைப் பார்த்து வரலாமா?

வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்கினாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஊருக்குப் போவதைப் பற்றித்தான் இருக்கும். இந்தத் தடவை நிறையப் பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். டூர் வேண்டாம், கூட்டமாகவும் வேண்டாம், தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு வழியில் இருக்கும் உறவுகளையும் நண்பர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வரவேண்டும், எப்படித் திட்டம் போடுவது என்று. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

அக்கா, எனக்கு 54 வயது. விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். கார் நன்றாக ஓட்டுவேன், ஆனால் தனியாக மாமல்லபுரம் தாண்டியதில்லை. நாகர்கோவில் வரை போய்த் திரும்ப ஆசை. விழுப்புரத்தில் பள்ளித் தோழி, ஸ்ரீரங்கத்தில் சித்தி, மதுரையில் கொழுந்தனார் வீடு, பாளையங்கோட்டையில் 84 வயதுப் பெரியம்மா, நாகர்கோவிலில் தாய்மாமா, காரைக்குடியில் என்னோடு வேலை பார்த்தவர், தஞ்சாவூரில் அண்ணன் மகள். பத்து நாள் இருக்கிறது. சொன்ன உடனே எல்லோரும் "தனியாவா?" என்கிறார்கள். முடியுமா?
– வாசகி, தாம்பரம்

தாராளமாக முடியும். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு நாளைக்கு ஒரு வீடு. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போவது என்றால் சாப்பிடாமல் வெளியே வர முடியாது. காலையில் ஒரு வீட்டில் டிபன், மதியம் இன்னொரு வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு, அதை முடித்த கையோடு மூன்றாவது வீட்டுக்கு நூறு கிலோமீட்டர். மனித உடம்புக்கு இயல்பாகவே மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை தூக்கம் தள்ளும். அந்த நேரத்தில் வயிறு நிறைய விருந்துச் சாப்பாடு, வெளியே வெயில், உள்ளே ஏசி, நேர்கோடாகப் போகும் நாலு வழிச் சாலை, பேச்சுக்கும் ஆள் இல்லை. தனியாக ஓட்டுகிறவர்களுக்கு நெடுஞ்சாலையில் இருக்கும் பெரிய ஆபத்து திருடனும் இல்லை, பங்சரும் இல்லை, இந்தத் தூக்கம்தான். மதிய விருந்துக்கு அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று கிளம்பும் முன்பே முடிவு பண்ணிவிடுங்கள். அப்படி முடிவு பண்ணினாலே நாளுக்கு ஒரு வீடு என்பது தானாக வந்துவிடும். காலையில் ஓட்டுவது, மதியத்துக்கு முன்னால் போய்ச் சேருவது, ராத்திரி அங்கேயே தங்குவது.

உங்கள் ஆட்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். முதல் நாள் காலை 5 மணிக்குத் தாம்பரத்தை விட்டால் பரனூர் டோல்கேட்டில் கூட்டம் சேருவதற்குள் தாண்டிவிடலாம். சனி ஞாயிறும், தொடர் விடுமுறைக்கு முந்தின நாளும் கிளம்பவே வேண்டாம். ஏழரை எட்டுக்கு விழுப்புரம். நாளுக்கு ஒரு வீடு என்பதற்கு இது ஒன்றுதான் விலக்கு: தோழி வீட்டில் இட்லி, ஒரு மணி நேரம் பேச்சு, அவ்வளவுதான். திரும்பி வரும்போது இன்னொரு தடவை பார்க்கலாம் என்பதால் மனசு கேட்கும். அப்புறம் உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் வழியாக ஸ்ரீரங்கம். தாம்பரத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய 300 கிலோமீட்டர், பத்து நாளில் இதுவும் கடைசி நாளும்தான் நீண்ட ஓட்டம். சித்தி வீடு உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ இருந்தால் காரை எங்கே நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். ஏதாவது உற்சவம் இருந்தால் வாசலுக்கு வண்டி போகவே போகாது.

மறுநாள் மதுரை 140 கிலோமீட்டர்தான், விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழி. சித்தியோடு காபி குடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினாலும் பதினொன்றரைக்குள் போய்விடலாம். நீங்கள் போவது சித்திரை மாதமாக இருந்தால் திருவிழாத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்சேவையன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் தல்லாகுளம் பக்கம் காரோடு நுழைவதை நினைக்கவே வேண்டாம்.

மதுரையிலிருந்து பாளையங்கோட்டை 160 கிலோமீட்டர். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் கயத்தாறுதான், நினைவிடம் இருக்கிறது, கால் நீட்டுவதற்காக ஒரு கால் மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம்.

பெரியம்மா வீட்டில் மட்டும் இரண்டு ராத்திரி தங்குங்கள். இந்தப் பயணத்தில் மற்ற எல்லோரும் எப்போதாவது ஏதாவது கல்யாணத்தில் உங்கள் கண்ணில் பட்டுவிடுவார்கள். 84 வயதில் இருப்பவர் இனி எந்த மண்டபத்துக்கும் வரப்போவதில்லை. முதல் நாள் முழுக்க நலம் விசாரிப்பிலும் சமையலிலும் போய்விடும், வயசானவர்கள் மனசுவிட்டுப் பேச ஆரம்பிப்பது இரண்டாவது நாள்தான். பழைய போட்டோ ஆல்பம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயரும் உறவுமுறையும் எழுதி வையுங்கள், பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். செல்போனில் குரலையும் பதிவு பண்ணிக்கொள்ளலாம், கேட்டுவிட்டு. உங்கள் அம்மாவின் சின்ன வயசைப் பற்றிச் சொல்ல அவரை விட்டால் உங்களுக்கு வேறு ஆள் இருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள், இரண்டு ராத்திரி அதிகம் என்று தோன்றாது.

அங்கிருந்து நாகர்கோவில் 80 கிலோமீட்டர். காவல்கிணற்றில் சாலை பிரியும், நேரே போனால் கன்னியாகுமரி, வலது பக்கம் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில். கணவாயில் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதே அங்கே எப்படிக் காற்று வீசும் என்பதைச் சொல்லிவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பக்கவாட்டுக் காற்று சின்னக் காரைத் தள்ளிப் பார்க்கும், வேகத்தைக் குறைத்து இரண்டு கையாலும் பிடித்து ஓட்டுங்கள், லாரியைத் தாண்டும்போது கூடுதல் கவனம். தாய்மாமா வீட்டிலும் இரண்டு ராத்திரி.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். கன்னியாகுமரியிலிருந்து கூடங்குளம், உவரி, மணப்பாடு, குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூருக்குக் கடலோரச் சாலை இருக்கிறது. பனங்காடும், தேரி என்கிற செம்மணல் மேடுகளும் இப்படிப் பார்க்க வேறு இடம் நம் பக்கம் இல்லை. சீசன் சமயம் என்றால் வழியில் பதநீர் கிடைக்கும். அன்று ராத்திரி தூத்துக்குடியில் ஒரு ஹோட்டலில் ரூம் போட்டுத் தனியாகத் தங்குங்கள். அங்கே உறவு யாரும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம், அதற்காகத்தான் சொல்கிறேன். தொடர்ந்து ஆறேழு நாள் ஒவ்வொரு வீட்டிலும் சிரித்த முகமாக இருந்து, அவர்கள் எழுந்திருக்கும் நேரத்துக்கு எழுந்து, அவர்கள் போடும் சீரியலைப் பார்த்து, எல்லோர் கதையையும் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு ஒரு ராத்திரி யாரோடும் பேசாமல் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுத் தூங்குவது அவசியம். அடுத்த வீட்டுக்குப் புது ஆளாகப் போவீர்கள்.

அப்புறம் ராமநாதபுரம், தேவகோட்டை வழியாகக் காரைக்குடி, மறுநாள் புதுக்கோட்டை வழியாக 100 கிலோமீட்டரில் தஞ்சாவூர், பத்தாம் நாள் வீடு. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியா, இல்லை திருச்சிக்கே போய் நாலு வழிச் சாலையைப் பிடிப்பதா என்பதை மேப்பை விட அண்ணன் மகளிடம் கேளுங்கள். விக்கிரவாண்டிச் சாலையில் வேலை பல வருஷமாக இழுத்தது, எங்கே நல்ல ரோடு, எங்கே சுற்றிவிடுகிறார்கள் என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். வழி நெடுக ஆள் இருப்பதில் இது ஒரு பெரிய லாபம்.

"தனியாவா?" என்கிறவர்களுக்கு: அவர்கள் பயத்தில் பாதி நியாயமானதுதான், அதனால் வாயால் பதில் சொல்லாமல் ஏற்பாட்டால் சொல்லுங்கள். மாலை 6 மணிக்கு மேல் ஓட்டமாட்டேன் என்று சொல்லுங்கள். இருட்டில் பின்விளக்கு இல்லாத டிராக்டரும், ஓரத்தில் நிறுத்திய லாரியும், எதிர்த்திசையில் வரும் டூவீலரும், மாடும் நம் நெடுஞ்சாலையில் சகஜம். லைவ் லொக்கேஷனை ஒரே ஒரு ஆளுக்கு அனுப்புங்கள், குடும்ப குரூப்பில் போட்டால் நீங்கள் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் நாலு பேர் போன் பண்ணுவார்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கான உதவி எண் 181, எதற்கும் 112. போலீசின் காவலன் செயலியைப் போனில் போட்டு வையுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றும் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி, கூச்சப்படாமல் கேளுங்கள், பெரிய பங்க்காகப் பார்த்து நிறுத்துங்கள்.

வண்டியைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் சர்வீஸ் விடுங்கள், முந்தின நாள் விடாதீர்கள். ஏதாவது சரியாக மாட்டாமல் விட்டிருந்தால் உள்ளூரிலேயே தெரிந்துவிடும். ஸ்டெப்னியிலும் காற்று பார்க்கச் சொல்லுங்கள், பலர் மறப்பது அதைத்தான். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும், காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். ஃபாஸ்டேக்கில் பணம் போட்டு வையுங்கள். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை இப்படிப் போகும் எண்ணம் இருந்தால் வருடாந்திரப் பாஸ் பாருங்கள், 2025-இல் வந்தபோது 3000 ரூபாய், 200 டோல்கேட் தாண்டலாம், அந்தக் கணக்கில் ஒன்றுக்கு 15 ரூபாய்தான் ஆனது. தேசிய நெடுஞ்சாலை டோல்களில் மட்டும்தான் செல்லும்.

வயது 34, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கோவையிலிருந்து ராஜபாளையம், தென்காசி பக்கம் இருக்கும் அத்தை, மாமா வீடுகளுக்குத் தனியாகப் போகலாம் என்று இருக்கிறேன். ஓட்டுவதில் பயமில்லை. போன உடனே "ஏன் தனியா வந்தே, எப்போ கல்யாணம்" என்று ஆரம்பிப்பார்களே, அதை நினைத்தால்தான் கிளம்பவே மனசு வரவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

அந்தக் கேள்வி வரும் தங்கையே, வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் நேரில் போய் நின்றபின் அதைச் சமாளிக்க வேண்டாம், முன்னாலேயே போனில் தீர்த்துவிடுங்கள். எல்லாக் குடும்பத்திலும் செய்தி பரப்புகிற ஓர் அத்தை இருப்பார். அவருக்கு முதலில் போன் போட்டு, "அத்தை, லீவு போட்டுட்டு நானே வண்டி ஓட்டிக்கிட்டு உங்களையெல்லாம் பார்க்க வர்றேன், கல்யாணப் பேச்சு மட்டும் இந்தத் தடவை வேண்டாம், அது அமையும்போது உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன்" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லா வீட்டுக்கும் அது போயிருக்கும்.

அப்படியும் யாராவது ஆரம்பித்தால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அவர்களைப் பற்றிக் கேளுங்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாடியில் என்ன கட்டுகிறீர்கள், மல்லிச் செடி பூக்கிறதா. பெரும்பாலானவர்கள் பேச ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான் கல்யாணத்தை எடுக்கிறார்கள். மனசைப் புண்படுத்த வேண்டும் என்றே பேசுகிற வீடு ஒன்று இருந்தால், அங்கே போகவேண்டாம். வழியில் இருக்கிறது என்பதற்காக ஒரு வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் லீவு, உங்கள் பெட்ரோல்.

பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வந்து திருமங்கலத்தில் திரும்பினால் தி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம், அப்படியே தென்காசி. ஜூன் ஜூலையில் சாரல் ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்துக் கூட்டம் முழுவதும் அந்தச் சாலையில்தான் இருக்கும், வார நாளில் போங்கள்.

போகிற வீட்டுக்கெல்லாம் என்ன வாங்கிப் போவது? சென்னையிலிருந்து ஒரே ஸ்வீட் பாக்ஸை ஏழெட்டு வாங்கிக்கொண்டு போனால் போதாதா?
– வாசகர், அம்பத்தூர்

போதும், ஆனால் ஏழாவது வீட்டுக்குப் போகும்போது அந்த ஸ்வீட் காரின் சூட்டில் ஒரு வாரம் இருந்திருக்கும். நான் செய்வது, முந்தின ஊரில் வாங்கி அடுத்த ஊரில் கொடுப்பது. பண்ருட்டி முந்திரி, மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய், உடன்குடி கருப்பட்டி, நாகர்கோவில் நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் வண்டியில் நாலு நாள் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. திருநெல்வேலி அல்வாவும் தாங்கும். இருட்டுக்கடையில்தான் வாங்குவேன் என்றால் சாயங்காலம்தான் திறப்பார்கள், அதற்கேற்ப அங்கே ராத்திரி தங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மட்டும் வாங்கிய அன்றே கொடுத்துவிடுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் அது தாங்காது.

சர்க்கரை இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு இனிப்பை வாங்கிப்போய் அவர்கள் கண்முன்னே வைக்காதீர்கள், மனசு கஷ்டப்படும். கொய்யா வாங்குங்கள். வெற்றிலை போடும் பாட்டி இருந்தால் கும்பகோணம் வெற்றிலை ஒரு கவுளி, ஈரத்துணியில் சுற்றி. நான் கொண்டுபோய்க் கொடுத்ததிலேயே முகம் அதிகம் மலர்ந்தது அதற்குத்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கிறேன், 27 வயது. பைக்கில் தூத்துக்குடி வரை போய், வழியில் சேலம், கரூர், மதுரையில் இருக்கும் காலேஜ் நண்பர்களைப் பார்க்க ஆசை. எல்லோரும் "வாடா வாடா" என்கிறார்கள், தேதி சொன்னால் நழுவுகிறார்கள். ஒருவனுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. எங்கே தங்குவது?
– வாசகர், பெங்களூரு

தம்பி, நழுவுகிறவர்களைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிப் பேருக்கு வீட்டில் கேட்காமல் சொல்ல முடியாது. "அந்தப் பக்கம் வந்தா பார்க்கலாம்" என்பதை விட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு சேலத்துல இருப்பேன், ஒரு டீ குடிக்க வர முடியுமா" என்று கேளுங்கள். அரை மணி நேரம் என்றால் ஆபீஸிலிருந்துகூட வருவார்கள். வந்தபின் அது மூன்று மணி நேரமாக நீண்டால் அது அவர்கள் விருப்பம். புதுசாகக் கல்யாணம் ஆனவர் வீட்டில் தங்காதீர்கள். அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, இரண்டு பேருக்குமாக ஏதாவது வாங்கிக்கொண்டு சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் பெண்ணுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

சாலையைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். தர்மபுரி தாண்டிச் சேலம் வருவதற்குள் தொப்பூர் கணவாய் வரும். நீங்கள் வரும் திசையில் அது முழுக்க இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள் மேல் மோதிய விபத்துகள் அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. நியூட்ரலில் விட்டு இறங்கவே கூடாது, கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள், இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள், பின்னால் ஒன்று நெருங்கினால் ஓரம்கட்டிப் போகவிடுங்கள். இருட்டிலும் மழையிலும் அங்கே வேண்டவே வேண்டாம். அதனால் பெங்களூரிலிருந்து அதிகாலையில் கிளம்பிவிடுங்கள்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும்போது எட்டயபுரம் வரும். பாரதி பிறந்த வீடு அங்கேதான், திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு பார்த்துவிட்டுப் போங்கள்.

எங்களுடையது எலக்ட்ரிக் கார். உறவினர் வீட்டில் தங்கும்போது அங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா? கேட்கச் சங்கடமாக இருக்கிறது.
– வாசகர், சேலம்

ஏசிக்கும் ஹீட்டருக்கும் போடுகிற 15 ஆம்ப்ஸ் பிளக் இருந்தால் ராத்திரி முழுக்கப் போட்டுக் காலையில் எடுக்கலாம். 30 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் பத்து மணி நேரம் ஆகும். ஆனால் பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது, சார்ஜர் எடுக்கவே எடுக்காது, அல்லது வயர் சூடாகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். காசு விஷயம் சங்கடப்படத் தேவையில்லாதது மாதிரி தெரியும், ஆனால் யோசிக்க வேண்டியது. நம் ஊர் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடும். 490-இல் நிற்கிற வீட்டில் நீங்கள் 30 யூனிட் ஏற்றினால் பில்லில் நன்றாகவே தெரியும். பென்ஷனில் இருக்கிற மாமாவிடம் பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார், கோபித்துக்கொள்வார். வீட்டுக்கு வேண்டிய மளிகையோ பழமோ தாராளமாக வாங்கிப் போடுங்கள். மொத்தத்தில் வழியில் பாஸ்ட் சார்ஜரை நம்பித் திட்டம் போடுங்கள், வீட்டு பிளக் உபரியாக இருக்கட்டும்.

சென்ற ஆவணியில் என் மாமா மயிலாடுதுறையில் தவறிவிட்டார். அப்போது வெளிநாட்டில் இருந்ததால் போக முடியவில்லை. இப்போது தனியாகக் காரில் கும்பகோணம், திருவாரூர் பக்கம் எல்லா உறவினர்களையும் பார்க்கப் போகிறேன். அதே பயணத்தில் துக்கமும் விசாரித்துவிடலாமா? இவ்வளவு நாள் கழித்துப் போய் என்ன பேசுவது?
– வாசகர், வேளச்சேரி

கட்டாயம் போங்கள். பல மாதம் ஆகிவிட்டதே என்று தயங்கித் தயங்கியே நிறையப் பேர் போகாமல் விட்டுவிடுகிறார்கள். பதினாறாம் நாள் வரைக்கும் வீடு நிறைய ஆள் இருக்கும், அதற்கப்புறம் யாரும் வருவதில்லை. உங்கள் அத்தைக்கு ஆள் தேவைப்படுவது இப்போதுதான்.

ஆனால் வரிசை முக்கியம். துக்க வீட்டுக்குப் போய்விட்டு அங்கிருந்து நேரே இன்னொரு வீட்டுக்குப் போவதை நம்மில் பல குடும்பங்களில் விரும்புவதில்லை, பிள்ளை பெற்ற வீடு, கல்யாணம் வைத்திருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அதை நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்பது பிரச்சினை இல்லை, அந்த வீட்டுக்காரர் மனசு சங்கடப்படக்கூடாது. மற்ற எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு மயிலாடுதுறையைக் கடைசியாக வைத்து, அங்கிருந்து சீர்காழி, சிதம்பரம் வழியாக நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். செவ்வாய், வெள்ளியில் துக்கம் விசாரிக்கப் போகமாட்டோம் என்கிற குடும்பமும் உண்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நாளை வையுங்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று வாயில் வந்துவிடும், அந்த வீட்டில் சொல்லக்கூடாது, பேசாமல் தலையசைத்துவிட்டு எழுந்து வருவதுதான் வழக்கம்.

பேச்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நீங்கள் பேசவேண்டியது ஒன்றும் இல்லை. அவர்தான் சொல்வார். அன்றைக்குக் காலையில் மாமா என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு நெஞ்சைப் பிடித்தார், யார் ஆட்டோ கூப்பிட்டது, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்வார். போனில் நீங்கள் ஏற்கெனவே கேட்ட கதையாகவே இருக்கும். முதல் தடவை கேட்பது மாதிரிக் கேளுங்கள். நடுவில் புகுந்து ஆறுதல் சொல்லாதீர்கள், "விதி" என்று முடித்துவைக்காதீர்கள்.

என் உறவில் ஓர் அத்தை, கணவர் போய் ஆறேழு மாதம் கழித்து நான் போனபோது சொன்னது மறக்கவில்லை. ஹாலில் அவர் உட்காரும் மர நாற்காலி அப்படியே இருந்தது, கைப்பிடியில் அவருடைய ஈரிழைத் துண்டு மடித்துப் போட்டபடி. அத்தை சொன்னார்: "வந்தவங்கள்லாம் கார் சாவியைக் கையில வச்சுக்கிட்டே உட்கார்ந்தாங்கம்மா. ஒருத்தர் அதை விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே இருந்தார். நான் எதுவரைக்கும் சொல்லலாம்னு அந்தச் சாவியைப் பார்த்துப் பார்த்துதான் பேசினேன்."

வண்டியைப் பூட்டிய உடனே சாவியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். செல்போனையும்.

போகும் வீட்டிலெல்லாம் தேங்காய், அரிசி, மாங்காய், பலாப்பழம் என்று டிக்கி நிறைய ஏற்றிவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுகிறார்கள். தனியாக ஓட்டும்போது இதெல்லாம் பிரச்சினையா?
– வாசகி, கடலூர்

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டில் பாதியை இறக்கிவிடலாம், நாகர்கோவில் தேங்காய் காரைக்குடியில் நல்ல பரிசுதான். ஏற்றுவதில் மட்டும் கவனம். கனமான மூட்டை டிக்கியின் தரையில், பின்சீட்டின் முதுகை ஒட்டி இருக்கவேண்டும். பின்சீட்டின் மேலும், பின் கண்ணாடி ஓரத்திலும் கட்டாமல் எதையும் வைக்காதீர்கள், திடீரென்று பிரேக் போட்டால் அது உங்கள் தலையை நோக்கித்தான் வரும். தேங்காயையும் தண்ணீர் பாட்டிலையும் முன்பக்கம் கீழே போடவே கூடாது, உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் உங்களால் வண்டியை நிறுத்த முடியாது, எடுத்துவிடப் பக்கத்தில் ஆளும் இருக்காது. சாக்கில் போட்டு வாயைக் கட்டி டிக்கியில் வையுங்கள். எடை கூடினால் டயரில் காற்றும் கொஞ்சம் கூட்டவேண்டும், முழு லோடுக்கு எவ்வளவு என்பது கதவு ஸ்டிக்கரிலேயே தனியாகப் போட்டிருக்கும். பலாப்பழம் மட்டும் பழுக்காததாகப் பார்த்துக் கேளுங்கள், இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்ப் பழுக்கட்டும்.